விளிம்பு உடைந்த ஓஸ்தி

யாரோ காலிச் சீசாவின் வாயில் உதட்டை வைத்து மெல்ல ஊதுவதுபோல் இருந்தது அந்தச் சத்தம். ஊதியது, நின்றது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஊதியது. எமரன்சியா பாயில் படுத்தபடியே கதவைப் பார்த்தாள். கதவு வெறுமனே சாத்திக் கிடந்தது. தாழ் போடவில்லை. போடக்கூடாது என்று மாமி சொல்லியிருந்தாள், அவளும் தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருந்தால் அதை மாற்றிச் சொல்ல இன்னொரு வார்த்தையாவது கிடைத்திருக்கும், ஆட்டிய தலையை எப்படித் திருப்பி வாங்குவது? சாயங்காலம் புருஷனைப் பெற்றவள், சவேரியம்மாள் மாமி, நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, முகத்தைக் கொல்லைப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். "கதவச் சும்மா சாத்தி வையி. விடியக்காலத் திருந்தாதி மணி அடிக்கிறதுக்கு முந்தி நானும் உபதேசியாரும் வந்து புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவோம். நீ தூங்கிக்கிட்டு இரு ளா. முழிச்சிருந்தா மனசு கேக்காது." தூங்கிக்கிட்டு இரு. ஏதோ பால் திரிந்துவிடாமல் பார்த்துக்கொள் என்கிற மாதிரி சொல்லிவிட்டாள். கோயில் உபதேசியார் காருக்குச் சொல்லிவிட்டாராம். மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறதாம், அப்படிப்பட்ட பிள்ளைகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்களாம், பெற்றவள் பேரைக்கூடக் கேட்க மாட்டார்களாம். அப்புறம் ஊருக்கு ஒரு பேச்சு, கஸ்பாருக்கு ஒரு தந்தி: பிள்ளை தங்கவில்லை. கஸ்பார், அவள் புருஷன், சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் நிற்கிறானோ, அங்கே தந்தியைப் பிரித்துப் படித்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஜெபம் சொல்வான், அவன் ஜெபம் யாரிடம் போய்ச் சேரும்? மறுபடியும் அந்த ஊதல். நேரத்தோடே வந்துவிட்டார்களோ? இல்லை, மாமி வந்தால் செருப்புச் சத்தம் கேட்கும், உபதேசியார் வந்தால் இருமல் கேட்கும். கூகையாக இருக்குமோ. கொல்லையில் குவித்து வைத்திருக்கிற சங்குகளுக்குள் காற்று புகுந்துவிட்டதோ. தை மாதத்துக் கடற்காற்று எதற்குள் புகுந்தாலும் ஏதாவது ஒரு சத்தம் போடும், முன்பு ஓட்டைத் தகரத்துக்குள் புகுந்து நாய் அழுகிற மாதிரி அழுதது. எழுந்து பார்க்கலாம். எழுந்தால் விழித்திருக்கிறாள் என்று ஆகிவிடும். அவள் தூங்க வேண்டும். தூங்குவதாகத்தான் பேச்சு.

பிள்ளை இடது பக்கம் கிடந்தது, அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் எட்டாத இடத்தில். அவளே அப்படிப் போட்டிருந்தாள். விளக்கைத் திரி தாழ்த்தித் தலைமாட்டில் வைப்பதும், பிள்ளையைச் சுவரோரத்து நிழலில் கிடத்துவதும், பால் புகட்டும்போது மேல்துணியின் நுனியை இழுத்துக் கடைவாய் மட்டும் தெரிய மூக்குக்குக் கீழே மறைக்கிற மாதிரி போடுவதும் பழகிப்போயிற்று. கண்ணைப் பார்க்கலாம், காதைப் பார்க்கலாம். காது அவ்வளவு அழகு, சின்னஞ்சிறு சங்கு மாதிரி. விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உதட்டுக்கு வந்தால் அவள் பார்வை தானாகவே வழுக்கிக்கொண்டு போய்விடும், ஈரத் தரையில் கால் வழுக்குகிற மாதிரி. மேலுதடு நடுவில் பிளந்து மூக்கின் ஒரு துவாரம்வரை ஏறியிருந்தது. பிள்ளையால் மார்பைப் பற்றிக் குடிக்க முடியவில்லை. பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கடைவாயில் விட வேண்டும், விட்டதில் பாதி மூக்கு வழியாக வந்துவிடும், இருமும், நீலம் பாயும், அவள் தூக்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டுவாள், செத்துவிட்டது என்று நினைப்பாள், செத்துவிட்டது என்று நினைத்த அந்தக் கணத்தில் உள்ளுக்குள் ஏதோ ஒன்று லேசாவதையும் பார்த்திருக்கிறாள். அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாது. கோயிலுக்கே போக முடியாதே, இன்னும் நாற்பது கழியவில்லை. பிள்ளைபெற்றவள் நாற்பதாம் நாள் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்க வேண்டும், சாமியார் வெளியே வந்து தன் கழுத்துப் பட்டையின் நுனியை அவள் கையில் கொடுத்து உள்ளே கூட்டிப்போவார், தெருப் பெண்கள் அத்தனை பேரும் பிள்ளை பார்க்க வந்து நிற்பார்கள், துணியை விலக்கி முத்தம் கொஞ்சுவார்கள். அந்த நாள் நெருங்கிவிட்டது. அதனால்தான் மாமிக்கு அவசரம். இதுவரை, பிள்ளைக்குச் சீர் தட்டி மேலுக்கு முடியாமல் இருக்கிறது, காற்றுப் படக்கூடாது என்று சொல்லி வலை போட்டு வைக்கிற இந்தப் பின்னறையில் தாயையும் பிள்ளையையும் வைத்திருந்தாள். ஒரே ஒரு கதவு, அதுவும் கொல்லைக்குத் திறக்கிற கதவு. இன்னமும் பழைய வலையின் கவிச்சி போகவில்லை. அவளுக்குத் தாய் வீடு என்று ஒன்று இருந்திருந்தால் அங்கே போய்க் கிடந்திருப்பாள். அம்மா செத்த பிறகு அப்பா அவளைக் கான்வென்ட் விடுதியில் விட்டார், விட்டவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார், அவ்வளவுதான் தாய் வீடு. தாயில்லாத பிள்ளையை வைத்து வளர்த்தவர்கள் கன்னியாஸ்திரிகள். அவள் பிள்ளையையும் அவர்களே வளர்ப்பார்கள். இதில் என்ன இருக்கிறது, அவள் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே. கெட்டுப்போகவில்லையா?

முழுமை, இசைவு, ஒளி. சிஸ்டர் எவுலாலியா சொல்லச் சொல்ல எழுதியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, பாதிப் பேருக்குக் கண் சொருகும், சிஸ்டர் மேசையைப் பிரம்பால் தட்டித் தட்டிச் சொல்வார். முன்னொரு காலத்தில், கோட்டையும் மடமுமாக ஐரோப்பா இருந்த காலத்தில், ஒரு பெரிய வேத அறிஞர் இருந்தாராம். பெருத்த உடம்பாம், சாப்பாட்டு மேசையில் அவர் வயிற்றுக்கென்று அரைவட்டமாக வெட்டி வைத்திருந்தார்களாம். பிள்ளைகள் சிரிக்க, சிஸ்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த வயிற்றுக்காரர்தான் சொன்னார், அழகுக்கு மூன்று இலட்சணம் உண்டு. ஒன்று முழுமை; குறைபட்டது எதுவோ அது அந்தக் குறையாலேயே அவலட்சணம். இரண்டு இசைவு, ஒன்றோடொன்று அளவாகப் பொருந்துவது. மூன்று ஒளி. இந்த மூன்றும் தேவசுதனிடம் நிறைவாக உண்டு, அவர் சாயலில் படைக்கப்பட்டதால் மனுஷரிடம் கொஞ்சம் உண்டு. எழுதிக்கொண்டீர்களா? எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு வரி இருந்தது. மூன்று இலட்சணத்துக்கும் முன்னாலேயே சொன்னதோ, பின்னால் சொன்னதோ, சின்ன வரி, படிப்பறியாதவனுக்கும் விளங்கும் என்று சிஸ்டர் சொன்ன வரி. அது என்ன? நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேன் என்கிறது. குறைபட்டது எதுவோ அது அவலட்சணம் என்பது மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பதினைந்து வயதில் அதை எழுதும்போது அவளுக்குப் பயமே இல்லை. மூன்றும் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீலத் துணி போர்த்தி மாதாவாக உட்கார வைத்தது அவளைத்தானே. வசனம் கிடையாது, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், முகம் பேசும் என்றார்கள். கஸ்பார் வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் அதே கதைதான். சவேரியம்மாள் மாமி தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் ஒண்ணு போதும், வேறெதுவும் வேண்டாம் என்று சொன்னாள். அவள் கையில் மரச்சொப்புப் பிள்ளையைக் கொடுத்திருந்தார்கள் நாடகத்தில். அதன் உதடு சிவப்புச் சாயத்தில் ஒரே கோடாக, அளவாக இருந்தது.

ஓஸ்தி அறையிலும் அவள்தான் கெட்டிக்காரி. பூசையில் சாமியார் உயர்த்திப் பிடிக்கிற அந்த வட்ட வெள்ளை அப்பங்களைச் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் கான்வென்டில்தான் சுட்டு அனுப்புவார்கள். மாவைக் கரைத்து இரும்புத் தகட்டில் ஊற்றி மூடினால் ஸ்ஸென்று ஆவி வரும். தாளாக வந்ததை ஈரத் துணியில் பதமாக்கி, வட்டக் கத்தியால் வெட்டுவார்கள். வெட்டிக் குவித்ததைப் பொறுக்குவது எமரன்சியாவின் வேலை. கருகியது ஒரு பக்கம், கீறல் விட்டது ஒரு பக்கம், விளிம்பில் மயிரளவு உடைந்திருந்தால்கூட அதை எடுத்துவிட வேண்டும். முழுசுதான் பீடத்துக்கு. மற்றவர்கள் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பார்கள், அவளுக்கு அது வேண்டாம், குவியலில் விரலை ஓட்டும்போதே உடைந்த விளிம்பு விரலுக்குத் தெரிந்துவிடும். உனக்குக் கண் விரல்ல இருக்குடி என்பார் சிஸ்டர் எவுலாலியா. பொறுக்கி எறிந்தது தகர டப்பாவில் சேரும். ராத்திரி ஜெபம் முடிந்து சின்னப் பிள்ளைகள் டப்பாவைச் சுற்றி உட்கார்ந்து மொறுமொறுவென்று தின்பார்கள், அது இன்னும் வெறும் அப்பம்தானே, பாவமில்லை. எத்தனை வருஷம் அவள் விரல் அந்த வேலையைச் செய்தது. பிள்ளை பிறந்த அன்று மருத்துவச்சி கப்ரியேலம்மா துடைத்துக் கையில் கொடுத்தபோது, விளக்குக்கூடச் சரியாக இல்லை, பார்ப்பதற்கு முந்தியே அவள் விரல் போய் அந்த உடைந்த விளிம்பைத் தொட்டுவிட்டது. எடுத்து அப்பால் போடு என்று விரல் சொல்லிவிட்டது. சொன்னது விரலா அவளா? கப்ரியேலம்மா, பிள்ளை தாங்குமோ தாங்காதோ என்று பயந்து, செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தானே ஞானஸ்நானம் கொடுத்தாள். அன்றைக்கு லூசியம்மாள் திருநாள், அதனால் லூசியா என்று வாய்க்கு வந்த பேர். கான்வென்டுக் கோயிலில் அந்தப் புனிதவதியின் சுரூபம் இருந்தது. வேதத்துக்காகப் பிடுங்கப்பட்ட கண்கள் இரண்டையும் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்பாள், முகத்திலும் இரண்டு கண் இருக்கும். சின்னதில் எமரன்சியா கணக்குக் கேட்டாள், நாலு கண்ணா சிஸ்டர்? பிரம்படிதான் விடை.

கிரகணத்தன்று அவள் ஏன் அந்தக் கத்தரிக்கோலை எடுத்தாள். இங்கேதான் மனசு வந்து வந்து இடித்துக்கொள்கிறது, இருட்டில் நிலைப்படியில் தலை இடிக்கிற மாதிரி, இடிக்கும் என்று தெரிந்தும். அப்போது இரண்டு மாசம் தள்ளிப்போயிருந்தது. மாமி எல்லா சன்னலையும் அடைத்து, தண்ணீர்ப் பானையில் தருப்பைக்குப் பதில் போன குருத்தோலை ஞாயிற்றில் மந்திரித்த ஓலையைப் போட்டு, எதையும் வெட்டாதே, கிள்ளாதே, கையைக் காலை மடக்காமல் படு என்று சொல்லிவிட்டுப் போனாள். எமரன்சியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு நின்றிருக்கலாம். இப்படியெல்லாம் நம்புவது முதல் கற்பனைக்கு, பத்துக் கட்டளையில் முதலாவதற்கு, விரோதமான பாவம் என்று சிஸ்டர் சொல்லித் தந்திருக்கிறாரே, நம்பி அடங்கிப் படுத்தால் பாவமல்லவா, அதனால் எழுந்து உட்கார்ந்து வேண்டுமென்றே கத்தரிக்கோலை எடுத்தாள், ரவிக்கைத் துணியில் கழுத்து வெட்டினாள். விசுவாசத்துக்காக வெட்டினாள். அது மட்டுமா? கஸ்பார் விடுப்பில் வரும்போது போட்டுக்கொள்ள வேண்டும் என்று கழுத்தைக் கொஞ்சம் இறக்கியே வெட்டினாள், அதுவும் உண்டு. மாமி வந்து பார்த்துக் கையிலிருந்து பிடுங்கினாள், அதற்குள் துணி நடுவில் நேராகப் பிளந்துவிட்டது. பிள்ளையைப் பார்த்ததும் மாமி கத்தவில்லை, திட்டவில்லை. "படிச்ச புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் கன்னத்தில் அறைந்திருக்கலாம். சரி, மாமி சொன்னது மெய்யானால் அவள் கையால் வெட்டிய உதடு அது. சிஸ்டர் சொன்னது மெய்யானால் வெட்டினதில் பாவமில்லை, ஆனால் சிஸ்டர் சொன்ன மற்றதும் மெய்யாகிவிடும்: ஆத்துமாவின் அழகு உடம்பில் துலங்கும், விளக்கின் சுடர் கண்ணாடிச் சிம்னியில் துலங்குவதுபோல, ஆத்துமா கறைபட்டால் உடம்பும் மங்கும். யாருடைய ஆத்துமா? பிறந்து கண் விழிக்காததின் ஆத்துமாவில் என்ன கறை, தலையில் தண்ணீர் வேறு ஊற்றியாயிற்று. அப்படியானால் கறை அவளுடையது. அவளுடைய உள்ளே கிடந்தது வெளியே வந்து பிள்ளை முகத்தில் குந்திக்கொண்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்தரிக்கோல் அவள் கையில்தான் இருக்கிறது.

ஊதல் இப்போது இரண்டு தரம் சேர்ந்து கேட்டது, பின்பாதி கொஞ்சம் உயர்ந்து. அவள் மூச்சை அடக்கினாள். தெருமுனையில் கார் வந்து நின்று யாராவது சாடை காட்டுகிறார்களா? நாய்கூடக் குரைக்கவில்லையே. தூங்கு, எமரன்சி. தூங்கிவிட்டால் விடிந்துவிடும், விடிந்துவிட்டால் மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம், மல்லிகைப் பூவை அரைத்து வைத்தால் பால் வற்றிவிடும் என்று கப்ரியேலம்மா சொல்லியிருக்கிறாள். இதே கப்ரியேலம்மாதான் இன்னொன்றும் சொன்னாள், மாமி அந்தப் பக்கம் போனதும் காதோடு: பெரிய ஆசுபத்திரியில் இதைத் தைக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் சதை பிடிக்கட்டும், வடு நிற்கும், ஆனால் பால் குடிக்கும், பேச்சு வரும். அதை மாமியிடம் சொன்னபோது மாமி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னாள், அதுவரை அப்படி ஒரு தங்கச்சி இருந்ததே யாருக்கும் தெரியாது. அவளுக்கும் இதே உதடு. ஞானஸ்நானப் பேர் ஒன்று இருந்தது, யாரும் கூப்பிடவில்லை, வாய் உடைந்த பானையைச் சொல்கிற மாதிரி மூளி என்றே கூப்பிட்டார்கள், தாயும் அப்படித்தான் கூப்பிட்டாள். வாசலுக்கு விடவில்லை. நற்கருணை வாங்க நாக்கை நீட்டக் கூச்சப்பட்டுக் கோயிலுக்கே போகாமல் நின்றுவிட்டாள். பத்தொன்பது வயதில் ஒரு விடியக்காலம் கடலுக்குப் போனாள், திரும்பவில்லை. "தைச்சாலும் மூளி மூளிதான் ளா. தையல் போட்ட மூளின்னுவானுவ. எனக்குக் கல் நெஞ்சுன்னு நெனைக்காத. நான் ஒண்ணு வளந்து பாத்துட்டேன், இன்னொண்ணு வளந்து பாக்க மாட்டேன்." மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கொடுக்க எமரன்சியா முதலில் தலையாட்டினாள். மாமி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சுளுவாக இருந்திருக்கும்.

இல்லத்துப் பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகள் வேறு பேர் வைத்துவிடுவார்கள். ஒரு வேளை பின்னாளில் தைத்தும் விடுவார்கள். வழியில் எங்கேயாவது பிள்ளை எதிர்ப்பட்டால் அவளுக்கு அடையாளம் தெரியாது. போகட்டும், கடைசி நாளில் தெரியுமே. கடைசி நாளில் எல்லாரும் உடம்போடு உயிர்ப்பார்கள். குறை எல்லாம் நீங்கி, கூனன் நிமிர்ந்து, கிழவி இளமையாகி, குழந்தையாகச் செத்தது வளர்ந்து, முழுசாக எழுந்திருப்பார்கள் என்று அந்தக் காலத்துச் சாஸ்திரிகள் உட்கார்ந்து விசாரித்து எழுதி வைத்திருக்கிறார்களாம், நகமும் மயிரும்கூட என்ன ஆகும் என்று விசாரித்தார்களாம். முழு உதட்டோடு, வளர்ந்த பெண்ணாக, ஒளியோடு லூசியா நிற்பாள். எல்லாரும்தான் அப்படி நிற்பார்கள். அத்தனை ஒளியில், அத்தனை முழுசான முகங்களில், தன் பிள்ளையை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? இந்த உதட்டைத் தவிர அவளுக்கு வேறு என்ன அடையாளம் தெரியும், அதையும்தான் பார்க்காமலே நாளைக் கடத்திவிட்டாளே. உயிர்த்த ஆண்டவர் காயங்களை மாற்றிக்கொண்டு வரவில்லை. எல்லாக் குறையையும் நீக்குகிறவர் தன் கையில் இருந்த ஓட்டையை வைத்துக்கொண்டுதான் வந்தார். சந்தேகப்பட்ட தோமையார் முகத்தைப் பார்த்து நம்பவில்லை, விரலை விட்டுப் பார்த்துத்தான் நம்பினார். வேதசாட்சிகளின் காயமும் மோட்சத்தில் போகாது, ஒளி வீசும் என்று படித்ததும் உண்டு. அதற்குத்தான் லூசியம்மாளின் தட்டில் இரண்டு கண். ஆனால் அவர்கள் வேதத்துக்காகப் பட்டார்கள். இது எதற்காகப் பட்டது? வயிற்றுக்குள் சுருண்டு கிடந்ததைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லையே. மனசு அந்த இடத்தில் நின்றுவிட்டது, மாடு நடுவழியில் படுத்துக்கொண்ட மாதிரி. இழுத்தாலும் நகரவில்லை.

அந்தச் சத்தம் அறைக்குள்தான் இருந்தது. கொல்லையிலும் இல்லை, தெருவிலும் இல்லை, அவள் இடது கைக்குப் பக்கத்தில். பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறது, பால் ஏறிவிட்டது, உயிர் போகிறது. எழுந்து விளக்கைத் தூண்டி எடுத்துக்கொண்டு குனிந்தாள். துணி விலகிக் கிடந்தது. பிள்ளை நீலம் பாயவில்லை. விழித்துக்கொண்டு கிடந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கண்ணைச் சுருக்கி, பிறகு விளக்கை விட்டுவிட்டு அவள் முகத்தைத் தேடி எடுத்து, அதிலேயே நின்றது. அப்புறம் அந்தப் பிளவு அகலமாயிற்று. ஒரு பக்கம் மூக்கோடும் மறுபக்கம் கன்னத்தோடும் விரிந்து, ஈறு முழுக்கத் தெரிய, முகம் முழுக்கப் பரவியது. அவளுக்கு முதலில் அது என்னவென்றே விளங்கவில்லை, வலிப்பு என்று நினைத்தாள். அப்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று ஊதிக்கொண்டு வந்தது, சீசா வாயில் ஊதுகிற சத்தம். பிள்ளை சிரிக்கிறது. இருட்டில் இவ்வளவு நேரமும் தானாகச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, இப்போது அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. குளிக்காமல், தலை சீவாமல், கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி, வலை அறையில் கிடக்கிற அவளைக் கண்டு. கண்டதும் மனசுக்கு எது சந்தோஷம் தருகிறதோ அது அழகு. அந்த வரி. படிப்பறியாதவனுக்கும் விளங்கும் என்று சிஸ்டர் சொன்ன அந்தச் சின்ன வரி இவ்வளவு நேரமும் எங்கே ஒளிந்திருந்தது. அவள் இந்தப் பிள்ளையிடம் மூன்று இலட்சணத்தையும் வைத்துப் பொறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை அவளிடம் எதையும் பொறுக்கவில்லை. அவள் முகத்தை விலக்கிக்கொள்ளப் பார்த்தாள், பார்வை வழக்கம்போல் வழுக்கியது, மறுபடி கொண்டுவந்து வைத்தாள். பயமாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை, பொய் சொல்ல வேண்டாம். விரலைக் கொண்டுபோய் அந்த விளிம்பில் வைத்தாள். சூடாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. பூசையில் சாமியார் ஓஸ்தியை உயர்த்துகிற நேரத்தைவிட அதைப் பிட்கிற நேரத்தில்தான் கோயில் அமைதியாக இருக்கும். பட்டென்று ஒரு சின்னச் சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்கும். மயிரளவு குறைகூட இல்லாமல் பொறுக்கிக் கொடுத்ததை அவர் நடுவில் உடைப்பார், உடைத்த துண்டிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறாரா, ஆம் முழுமையாக இருக்கிறார், ஞானோபதேசப் பாடம், வாரம் தவறாமல் ஒப்பித்தாள். ஒப்பித்தபடியே போய்த் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

வெளியே எங்கேயோ ஒரு சேவல் தப்பான நேரத்தில் கூவியதோ, சரியான நேரந்தானோ. பிள்ளையை ஒரு கையில் வாரிக்கொண்டு கதவருகே போனாள். தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறிக் கெட்டிப்பட்டிருந்தது, இந்த அறையை உள்ளேயிருந்து யார் எப்போது பூட்டினார்கள், வலைக்கு என்ன பயம். இழுத்தாள், அசையவில்லை. விரலின் தோல் உரிந்தது. கால் மாட்டில் பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்க் கிண்ணம் இருந்தது. குனிந்து விரலால் வழித்துத் துருவில் தடவினாள், கொஞ்சம் பொறுத்து இன்னும் தடவினாள். நாளைக்கு என்ன செய்வாள் என்று ஒன்றும் தெரியவில்லை. மாமி கதவைத் தட்டுவாள், அழுவாள், தங்கச்சி பேரைச் சொல்லுவாள். நாற்பதாம் நாள் துணியை விலக்கிப் பார்க்கிற பெண்கள் முகம் எப்படிப் போகும் என்று இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. கஸ்பார் பார்த்துவிட்டு என்ன சொல்வானோ, தாடையைப் பிடித்து அவளைப் பார்த்த வீடு. ஒரு நாள் இந்தப் பெண்ணே வந்து, என்னை ஏன் வைத்துக்கொண்டாய் என்று கேட்கலாம், கடலைப் பார்த்துக்கொண்டு கேட்கலாம். கேட்கட்டும். கேட்கிறதற்குப் பேச்சு வர வேண்டும், பேச்சு வர உதடு தைக்க வேண்டும், தைக்க ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சந்துக்குள் காரின் சத்தம் வந்து அடங்கியது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. இருமல். கொல்லை மணலில் செருப்புத் தேய்ந்துகொண்டு வந்தது, நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றது, தூங்குகிறவளை எழுப்பிவிடக்கூடாது என்கிற பதனத்தோடு மாமியின் மெல்லிய குரல் கேட்டது. "ஏளா எமரன்சி… தூங்கிட்டியா?" தோளில் கிடந்த பிள்ளை அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, இருட்டைப் பார்த்து ஊதியது. கதவு உள்பக்கம் ஒரு விரற்கடை அசைந்தது. எமரன்சியா முதுகைக் கொடுத்து அதைத் திரும்பச் சாத்தினாள். "முழிச்சிருக்கேன் மாமி" என்றாள், எண்ணெய் வழிந்த கையால் தாழ்ப்பாளைப் பிடித்து, உடம்பின் பாரம் அத்தனையும் கொடுத்துத் தள்ளினாள். துரு கிறீச்சிட்டது, இரும்பு நகர்ந்தது, சுவரில் இருந்த துளைக்குள் போய் விழுந்தது.